இரவற் குரலில் ஒரு சிசிலியன்

1958-இல் மரியோ மொனிசெல்லி நெறிப்படுத்திய 'இ சொலித்தி இக்னோத்தி' என்னும் இத்தாலிய நகைச்சுவைப் படத்தைக் கண்டோர் பெரிபோத்தேயை மறத்தல் அரிது. உரோமாபுரியில் அடகுக்கடையொன்றைக் கொள்ளையிட முயன்று தோற்கும் கூட்டத்தில் அவனும் ஒருவன். தங்கையை வீட்டினுள் பூட்டிவைத்துக் குடும்ப மானங் காப்பவன். மெல்லிய மீசையும் சிரியாத முகமுங் கொண்ட அவனைக் கண்டு நாடே சிரித்தது. சிசிலித் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 'பெரிபோட்' படகின் பெயரே சிதைந்து அவனது பட்டப்பெயராயிற்று.

சிசிலியனின் அச்சு எனக் கொள்ளப்பட்ட இப்பாத்திரத்தில் நடித்த திபேரியோ மூர்ஜா சிசிலியரல்லர். 1929-இல் சார்டீனியாத் தீவின் ஒரிஸ்தானோ நகரிற் பிறந்தவர். உரோமாபுரி உணவகமொன்றிற் பாத்திரங் கழுவிக்கொண்டிருந்தபோதே படக்குழுவினரின் கண்ணிற் பட்டார். முகம் பொருந்திற்று, பேச்சுப் பொருந்தவில்லை. ஆகவே சிசிலிய உச்சரிப்புடைய வேறொருவரின் குரல் அவருக்குப் பொருத்தப்பட்டது.

இஃது அக்காலத்தில் விதிவிலக்கன்று. படப்பிடிப்பின் பின்னர் ஒலி சேர்ப்பதே இத்தாலியத் திரையுலகின் பொதுவழக்காயிருந்தது. அதே படத்தில் நேப்பிள்ஸ்காரரான கார்லோ பிசகானே பொலோஞ்ஞாக் கிழவனாகப் பேசினார், அக்குரலும் இரவலே. தங்கையாக நடித்த கிளோடியா கார்டினாலே தூனிஸ் நகரிற் பிறந்து பிரெஞ்சு மொழியுடன் வளர்ந்தவர். தம் சொந்தக் குரலில் இத்தாலியத் திரையிற் பேச அவர் 1963 வரை காத்திருக்க நேர்ந்தது. 1861-இல் அரசியலால் ஒன்றுபட்ட நாட்டின் பிரதேச மாந்தரைத் திரைப்படம் ஒலிப்பதிவுக் கூடத்திலே வனைந்தது என்பது மிகையாகாது.

இதனை வெறும் வேடிக்கையெனத் தள்ளிவிட இயலாது. மானத்தின் பொருட்டு மனைவியையோ மகளையோ சகோதரியையோ கொன்றவனுக்குத் தண்டனையைக் குறைத்த 587-ஆம் பிரிவு சிசிலியின் சட்டமன்று. இத்தாலி முழுவதற்குமுரிய தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவு. அது 1981-இலேயே நீக்கப்பட்டது. மிலானிலும் தூரினிலும் பெரிபோத்தேயைக் கண்டு நகைத்தோர், தமக்கும் உரித்தான சட்டத்தின் பழியைத் தென்கோடித் தீவொன்றின் மேல் ஏற்றிவிட்டு நகைத்தனர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்பழியைச் சுமந்த முகமோ மற்றொரு தீவினருடையது!

மூர்ஜாவின் பிற்கால வாழ்வில் விரித்துரைக்க அதிகமில்லை. 1959-இல் 'லா கிராந்தே குவெர்ரா'விற் சிசிலியப் படைவீரன். அதே ஆண்டில் முதற்படத்தின் தொடர்ச்சியில் மீண்டும் பெரிபோத்தே. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட படங்களிற் பெரும்பாலும் அதே மீசை, அதே முறைப்பு. அவருடைய உடலசைவில் இயல்பான நகைத்திறன் இருந்தது. அதனை வேறு வகையிற் பயன்படுத்த முனைந்தோர் சிலரே. 1985-இல் மூன்றாம் படம் எடுக்கப்பட்டபோதும், ஐம்பத்தாறு வயதில், அவர் பெரிபோத்தேயாகவே அழைக்கப்பட்டார். 2010-இல் உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள தொல்பாவிற் காலமானார்.