போலந்துத் திரைப்படங்களில் போர் நினைவு

இரண்டாம் உலகப் போரில் போலந்து மக்கள் பட்ட பாட்டையும் மாண்ட வீரர்களையும் நினைவுகூரும் திரைப்பட மரபு இது. 1939 செப்டம்பர் 1 அன்று மேற்கிலிருந்து ஜெர்மனியும், அதே மாதம் 17 அன்று கிழக்கிலிருந்து சோவியத் ஒன்றியமும் அந்நாட்டுக்குள் படையெடுத்தன. போரில் ஏறத்தாழ 60 லட்சம் போலந்துக் குடிமக்கள் மாண்டனர். அவர்களில் பாதிப்பேர் யூதர்கள். போருக்குப் பின் அமைந்த கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஜெர்மானியரின் கொடுமைகளைப் படமாக்க முடிந்தது. சோவியத் படைகள் செய்தவற்றைத் திரையில் சொல்ல வழியில்லை. ஆகவே இம்மரபைப் புரிந்துகொள்ள, படங்கள் சொன்னதைப் போலவே சொல்லாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும்.

முதல் முக்கியப் படத்தை எடுத்தவர் வாண்டா யாகுபோவ்ஸ்கா. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதியாக இருந்து உயிர் பிழைத்த அவர், தம்மைப்போலவே அங்கிருந்து மீண்ட ஜெர்மானியப் பெண் கெர்டா ஷ்னைடருடன் சேர்ந்து திரைக்கதை எழுதி, அந்த முகாமிலேயே ‘கடைசிக் கட்டம்’ (1948) படத்தை எடுத்தார். முன்னாள் கைதிகள் பலர் அதில் பங்கேற்றனர். இரவில் ரயில் முகாமுக்குள் வந்து நிற்கும் அதன் காட்சி பிற்காலத்தில் வேறு படங்களிலும் எடுத்தாளப்பட்டது. அலென் ரெனேயின் புகழ்பெற்ற ஆவணப்படமான ‘இரவும் மூடுபனியும்’ அவற்றுள் ஒன்று. நடித்து எடுத்த காட்சி இப்படி உண்மை நிகழ்வின் சாட்சியமாகவே புழங்கத் தொடங்கியது.

ஸ்டாலின் காலம் முடியும்வரை, ஜெர்மானியரை எதிர்த்து மறைந்திருந்து போரிட்ட ‘உள்நாட்டுப் படை’யினரை அரசு பழித்தே பேசியது. அவர்களுள் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். 1956இல் கோமுல்கா கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு வந்து கெடுபிடிகள் தளர்ந்த பின்னரே அவர்களுடைய கதை திரைக்கு வந்தது. ஆந்த்ரே வைதா (1926–2016) இயக்கிய ‘கனாவ்’ 1957 ஏப்ரலில் வெளியானது. 1944 ஆகஸ்ட் 1 முதல் 63 நாட்கள் நீடித்த வார்சா எழுச்சியின் இறுதி நாட்களைப் பற்றிய படம் அது. தோல்வி உறுதியான நிலையில் ஒரு சிறு படைப்பிரிவு பாதாளச் சாக்கடை வழியாகத் தப்ப முயன்று, ஒவ்வொருவராக அழிகிறது. கதை எழுதிய யெஷி ஸ்டெபான் ஸ்டாவின்ஸ்கி அந்த எழுச்சியில் போரிட்டவர். சாக்கடைக்குள் தாமே நடந்து போனவர்.

அப்படத்தில் இரு காதலர்கள் இருட்டில் தட்டுத் தடுமாறி வெளிச்சத்தைக் கண்டு விரைகிறார்கள். வழியை இரும்புக் கம்பிகள் அடைத்திருக்கின்றன. அதற்கப்பால் விஸ்துலா ஆறும் மறுகரையும் தெரிகின்றன. எழுச்சி நசுக்கப்படும்வரை சோவியத் செம்படை அந்தக் கரையில்தான் இருந்தது, நகரத்தை மீட்க ஆற்றைக் கடந்து முன்னேறவில்லை. இது படத்தில் ஒரு சொல்லாகக்கூட வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை: வார்சாவில் படம் பார்த்த எவருக்கும் அந்தக் கரை எது என்று தெரியும். போலந்தில் பலர் வீரகாவியத்தை எதிர்பார்த்துப் போய் ஏமாந்தனர். தங்கள் பிள்ளைகளை இப்படிச் சேற்றில் சாகவிட்டது சரியா என்று வருந்தினர். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் இறந்தவர்களுக்கு வைதா செய்த மரியாதை, அவர்கள் எப்படி இறந்தார்களோ அப்படியே காட்டியதுதான். கான் விழாவில் படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

அடுத்து வந்த ‘சாம்பலும் வைரமும்’ (1958), போர் முடிந்த நாளில் ஒரு கம்யூனிஸ்ட் தலைவரைக் கொல்ல அனுப்பப்பட்ட உள்நாட்டுப் படை இளைஞன் மாச்செக்கின் கதை. மதுக்கூடத்தில் வோட்கா கிண்ணங்களை வரிசையாக வைத்துத் தீப்பற்ற வைத்து, மாண்ட தோழர்களின் பெயர்களை நண்பர்கள் நினைவுகூரும் காட்சி போலந்துத் திரைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. மாச்செக்காக நடித்த ஸ்பிக்னியேவ் சிபுல்ஸ்கி ஒரு தலைமுறையின் முகமானார். கடைசியில் மாச்செக் குப்பைமேட்டில் விழுந்து சாகிறான். அதிகாரிகள் அதைக் கொலைகாரனுக்கு வாய்த்த முடிவாக எடுத்துக்கொள்ளலாம். அரங்கிலிருந்தவர்களோ அவனுக்காக அழுதார்கள்.

வைதாவின் சமகாலத்தவரான ஆந்த்ரே முன்க், வீரம் என்ற கருத்தையே சோதித்துப் பார்த்தார். ‘எரோய்கா’வின் (1958) இரண்டாம் பகுதியில், போர்க்கைதிகளான அதிகாரிகள் தங்களுள் ஒருவர் தப்பிவிட்டார் என்று நம்பி நிமிர்ந்து நடக்கிறார்கள், அவரோ முகாமின் பரணிலேயே ஒளிந்திருக்கிறார். ஆஷ்விட்ஸ் பற்றிய ‘பயணி’யை முடிக்குமுன் முன்க் 1961இல் கார் விபத்தில் இறந்தார். எஞ்சிய பகுதிகளை நிழற்படங்களைக் கொண்டு நிரப்பி, 1963இல் அதை வெளியிட்டனர்.

இவை எதிலும் இடம்பெற முடியாத பெயர் காத்தின். 1940 வசந்தத்தில் ஸ்டாலின் அரசின் ஆணைப்படி ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகள், பெரும்பாலும் படை மற்றும் காவல் அதிகாரிகள், சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் வைதாவின் தந்தை யாகுப் வைதாவும் ஒருவர். கார்கிவ் நகரில் அவர் கொல்லப்பட்டார். 1943இல் காத்தின் காட்டில் புதைகுழிகளைக் கண்டுபிடித்த ஜெர்மனி அதை உலகுக்கு அறிவித்தது. சோவியத் அரசு பழியை ஜெர்மனிமீதே போட்டது. 1990 ஏப்ரல் 13 அன்றுதான் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வைதாவின் தாய், கணவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தபடியே 1950இல் இறந்தார்.

‘காத்தின்’ (2007) தம் பெற்றோருக்கு வைதா செய்த காணிக்கை. காத்திருக்கும் பெண்களே படத்தின் மையம். கொல்லப்பட்ட அதிகாரி ஒருவரின் தங்கை, தன் கூந்தலை விற்று அண்ணனுக்குக் கல்லறைக்கல் செய்கிறாள். அதில் பொறித்த ஆண்டு 1940. அப்போது காத்தின் பகுதி சோவியத் வசம் இருந்தது. ஜெர்மனி அதைக் கைப்பற்றிய 1941ஐ எழுதினால் பழி ஜெர்மனிமீது விழும். அந்த ஒற்றை இலக்கத்தை மாற்ற மறுத்ததற்காக அவள் கைதாகிறாள், கல் உடைக்கப்படுகிறது. ஐம்பது ஆண்டுப் பொய் ஒரு குடும்பத்தின் துக்கத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. இறுதியில், கைகள் பின்னால் கட்டப்பட்ட அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராகப் பிடரியில் சுடப்படுவதைப் படம் முகம் திருப்பாமல் காட்டுகிறது. பிறகு, திரை இருண்டிருக்க, பெண்டரெட்ஸ்கியின் இசை மட்டும் ஒலிக்கிறது.

2010 ஏப்ரல் 10 அன்று, காத்தின் நினைவு நிகழ்ச்சிக்குச் சென்றுகொண்டிருந்த குடியரசுத் தலைவர் லேஹ் கச்சின்ஸ்கி உட்பட 96 பேர் ஸ்மோலென்ஸ்க் அருகே விமான விபத்தில் மாண்டனர். மறுநாள் ரஷ்ய அரசின் முதன்மைத் தொலைக்காட்சி ‘காத்தின்’ படத்தை ஒளிபரப்பியது.

யான் கோமசாவின் ‘நகரம் 44’ (2014) வார்சா எழுச்சியை இளைஞர்களுக்காக மீண்டும் சொன்னது. அக்காலத்தில் அதைவிடக் கடினமான வேலையைச் செய்தவை வேறு படங்கள். பசிகோவ்ஸ்கியின் ‘பின்விளைவு’ (2012), பவ்லிகோவ்ஸ்கியின் ‘இடா’ (2013) ஆகியவை யூத அண்டை வீட்டார் போலந்துக்காரர் கையாலேயே கொல்லப்பட்டதைப் பேசின. தேசத்தை அவமதிப்பதாக இரண்டும் கடுமையாகச் சாடப்பட்டன. ‘இடா’ 2015இல் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. உக்ரைனிய தேசியவாதிகள் போலந்து மக்களைக் கொன்றதைச் சொல்லும் ஸ்மஜோவ்ஸ்கியின் ‘வோவின்’ 2016இல் வெளியானது. அதைக் கீவ் நகரில் திரையிடும் ஏற்பாடு, உக்ரைன் வெளியுறவு அமைச்சகத்தின் பரிந்துரைக்குப் பின் கைவிடப்பட்டது.