திரும்பாத திரும்பல்

'ரிபேட்ரியேட்' என்ற சொல்லுக்குள் ஒரு அப்பன் இருக்கிறான். லத்தீனில் 'பேட்டர்' தகப்பன், 'பாட்ரியா' தந்தையர் நாடு, 'ரீ' என்றால் மறுபடி. 1948 சட்டத்தால் இலங்கையில் நாடற்றவரான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு ஒதுக்கியது. வந்தவர்கள்மேல் இந்தச் சொல்லும் ஏறியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவன் பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் 'திரும்புவான்'? நம் அரசுத் தமிழ் 'தாயகம் திரும்பியோர்' என்றது. அப்பன் போய் அம்மா வந்தாள், 'திரும்பி' மட்டும் அப்படியே.

இவர்களுக்கென 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். கோத்தகிரி, கூடலூர் பக்கம் யாரும் 'தாயகம்' என்று சொல்வதில்லை. 'சிலோன்காரங்க', அவ்வளவுதான். ஏளனம் கலந்த பேச்சுதான். ஆனாலும் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அது மறைக்கவில்லை. இலங்கையிலோ இவர்கள் 'இந்தியத் தமிழர்'.