வெட்டி வளர்த்த தேக்கு

பொள்ளாச்சியில் மரவாடி வைத்திருந்தவன் நான். தேக்குத் தடியின் அறுத்த முகமே அது வளர்ந்த தோப்பின் கதையைச் சொல்லிவிடும். நடுவில் அகலமாகத் தொடங்கும் ஆண்டு வளையங்கள் பத்துப் பன்னிரண்டுக்குப் பிறகு நூல் நூலாக நெருங்கிவிட்டால், நெருக்கம் குறைய இடைமரம் வெட்டத் தோப்புக்காரருக்கு மனம் வரவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

அந்த மனத்தை வெல்லப் பழகிய ஊர், இன்றைய கேரளத்தில் மலபார்ப் பக்கம் உள்ள நிலம்பூர். மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்த காலம். கப்பல் கட்டத் தேக்கு அருகி வந்ததால், கலெக்டர் கனோலி 1840களில் அங்கே தேக்கு நட ஏற்பாடு செய்தார். லேசில் முளைக்காத அந்த விதையைப் பலமுறை பொய்த்த பிறகு முளைக்கவைத்தவர், அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனன். இதை எல்லோரும் சொல்வார்கள். நட்டதில் பெரும்பகுதியை வெட்டித்தான் காடு ஆளானது என்பதைச் சொல்பவர் குறைவு.

இன்றைய கேரள வழக்கத்தில் 2 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 2,500 கன்று. நாலைந்து வயதில் முதல் வெட்டு: மூலைவாட்டில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. நல்லது கெட்டது பார்ப்பதில்லை, பாதி போய்விடும். எட்டுப் பத்து வயதில் இன்னொரு முறை. அதன்பிறகுதான் தேர்வு, கோணல், கவட்டை, நோஞ்சான் எல்லாம் விழும். தேக்கு வெயில் கேட்கும் மரம். தலைகள் முட்டிக்கொண்டால் உயருமே தவிரப் பருக்காது. அளவுமீறித் திறந்துவிட்டாலும் தண்டில் போத்து வெடித்துப் பலகை முடிச்சாகிவிடும்.

1846இல் நட்ட கனோலி தோட்டத்தில் இன்று இருப்பது 2.31 ஹெக்டேரில் 117 மரம்; ஹெக்டேருக்கு ஏறக்குறைய 50. குறைந்ததெல்லாம் இடைமர வெட்டால் அல்ல. ஆனால் அந்தப் பருமனுக்கு அவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது.

நட்டவர் பெயர் தோட்டத்துக்கு நின்றது. எது நிற்கட்டும், எது விழட்டும் என்று குறியிட்டவர்கள் பெயரை யாரும் கேட்பதில்லை. 1990களில் தேக்கு நட்டால் கோடீஸ்வரர் என்று விளம்பரம் வந்தபோதும் நடுவதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த மரங்கள் பிறகு என் வாடிக்கு வந்தன. பல, பந்தல் காலுக்குத்தான் ஆயின. தேக்குக்கு விலை சுற்றளவில். அந்த விலையை முதல் பத்தாண்டில் ஓங்காத கோடரி தின்றுவிட்டது.