வீட்டுக்கானும் வீதிக் கால்வாயும்



ஒரு வீட்டின் குசினியிலும் குளிப்பறையிலும் மலசலகூடத்திலும் இருந்து வெளியேறும் அழுக்குநீர் எவ்விடம் வரையில் அவ்வீட்டாருடையது? எவ்விடத்திலிருந்து அது ஊராருடையது ஆகின்றது? கேட்பதற்கு இஃது அற்பமான வினாவாகத் தோன்றலாம். ஆயின், இலண்டன் மாநகர மக்கள் இவ்வொரு வினாவுக்கு விடை காண்பதற்காக எட்டு நூற்றாண்டுகளாக வழக்காடினர், சட்டங்கள் இயற்றினர், இடையிடையே ஆயிரக்கணக்கில் மடிந்தும் போயினர். அந்த வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகின்றேன்.

பேச்சின் வசதிக்காக இரண்டு சொற்களை முதலில் வகுத்துக்கொள்வோம். ஒரு வீட்டின் அழுக்கை மாத்திரம் கொண்டுசெல்வதை 'வீட்டுக்கான்' என்போம். பல வீடுகளின் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு வீதியின் கீழ் ஓடுவதைக் 'கால்வாய்' என்போம். ஆங்கிலச் சட்டமும் பெரும்பாலும் இவ்வாறே பிரிக்கின்றது. அந்தப் பிரிவினாலே விளைந்த இடர்ப்பாடுகளைப் பின்னர் காண்போம்.

பழைய இலண்டனில் கால்வாய் என்பது மழைநீருக்கு மட்டுமே உரியது. மலம் வீட்டின் கீழேயோ முற்றத்திலேயோ தோண்டிய குழியிற் கிடக்கும். கூலிக்காரர் இரவில் வந்து அள்ளிச் செல்வர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முடிவில் எழுந்ததாகக் கருதப்படும் நகரக் கட்டட விதியொன்று, கல்லாற் சுவரெடுத்த மலக்குழி அயலான் எல்லையிலிருந்து இரண்டரை அடி தள்ளியிருக்க வேண்டும் என்றும், கற்சுவர் இல்லாதது மூன்றரை அடி தள்ளியிருக்க வேண்டும் என்றும் கூறியது. 1314ஆம் ஆண்டில் அலிஸ் வேட் என்னும் பெண்ணொருத்தி தன் மேன்மாடத்து மலகூடத்திலிருந்து ஒரு மரக்குழாயை இழுத்து, மழைநீர் ஓடும் கானில் இணைத்துவிட்டாள். கான் அடைத்தது; அயலவர் நாற்றம் பொறாது முறையிட்டனர்; நாற்பது நாட்களுள் குழாயை அகற்றுமாறு தீர்ப்பாயிற்று. தன் வீட்டைத் துப்புரவாக்கும் செலவை ஊரின் தலையிற் சுமத்துவதற்கு அவள் செய்த முயற்சியை நான் முற்றாகக் கண்டிக்க மாட்டேன். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நகரம் முழுவதும் செய்ததும் அதுவேயன்றோ?

1660ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கடற்படை நிருவாகத்திற் பணிபுரிந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் தமது நிலவறையில் இறங்கியபோது மலக்குவியலிற் காலை வைத்துவிட்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அயல்வீட்டாரின் குழி நிரம்பிச் சுவரூடே இவர் நிலவறைக்குள் வந்துவிட்டது. அக்காலத்தில் இத்தகைய தொல்லைகள் இரு வீட்டாருக்கு இடைப்பட்ட சச்சரவுகளாகவே இருந்தன. ஊர் அவற்றிற் பங்குகொள்ளவில்லை.

நீர் ஊற்றிக் கழுவும் மலகூடம் பரவியபோது நிலைமை மாறியது. 1775இல் அலெக்சாந்தர் கமிங் என்பவர் வளைந்த குழாயில் நீர் தங்கி நாற்றத்தைத் தடுக்கும் அமைப்புக்கு உரிமம் பெற்றார். 1778இல் ஜோசப் பிரமா அதைத் திருத்தினார். செல்வர் வீடுகளில் இது வசதியாயிற்று. மலக்குழிகளோ நீர் பெருகி வழிந்தன. 1815 அளவில், வீட்டுக்கானைக் கால்வாயில் இணைக்கலாம் என அனுமதி கிடைத்தது. 1848க்குப் பின்னர் அனுமதி கட்டளையாயிற்று. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுள் 30,000 மலக்குழிகள் ஒழிக்கப்பட்டன. அத்தனையும் தேம்ஸ் நதியைச் சென்றடைந்தன. அந்த நதியின் நீரையே நகரத்தாரிற் பலர் குடித்தும் வந்தனர்.

ஆயினும் பேரிடர் நதியிலிருந்து மாத்திரம் வரவில்லை. 1854ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத முடிவில், சோகோப் பகுதியின் புறோட் வீதியில் வாந்திபேதி வெடித்தது.   பத்து நாட்களுள் ஐந்நூறுக்கு மேற்பட்டோரும், யாவுமாக அறுநூறுக்கு மேற்பட்டோரும் இறந்தனர். மருத்துவர் ஜோன் ஸ்னோ, இறந்தோர் குடித்த நீர் வீதியிலிருந்த ஒரே குழாய்க்கிணற்று நீர் என்று காட்டினார். செப்டெம்பர் 8ஆம் நாள் அதன் கைபிடி கழற்றப்பட்டது. இவ்வளவும் பலர் அறிந்ததே.

பலர் அறியாதது பின்னர் நிகழ்ந்தது. அப்பகுதித் தேவாலயத்தின் இளங்குருவானவர் ஹென்றி வைற்ஹெட், ஸ்னோவின் கூற்றை முதலில் நம்பவில்லை. அதனைப் பொய்யென நிறுவுவதற்கே வீடு வீடாகச் சென்று விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க அவர் ஐயம் கரைந்தது. இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கிணற்றுக்கு எதிரேயிருந்த 40ஆம் இலக்க வீட்டில், நோய் வெடிப்பதற்குச் சற்று முன்னரே பேதிகண்ட ஐந்து மாதக் குழந்தையொன்றைப் பற்றிய குறிப்பு அவர் கண்ணிற்பட்டது. குழந்தையின் துணிகளைத் தாய் அலசிய நீரை வீட்டு முன்புறத்து மலக்குழியில் ஊற்றியிருந்தாள். 1855இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தனர். குழியினதும் கானினதும் செங்கற்கள், சாந்து உதிர்ந்து, கையாலே எடுக்கத்தக்கனவாய் இருந்தன. கிணற்றுக்கும் அவற்றுக்கும் இடைத்தூரம் மூன்றடிக்கும் குறைவு. கற்சுவர் இல்லாத குழிக்குப் பழைய நகரவிதி அயலான் எல்லையிலிருந்து விட்ட இடைவெளிகூட, ஊர் குடிக்கும் கிணற்றுக்கு மிஞ்சவில்லை.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கால்வாய்க்கு ஆணையாளர் இருந்தனர். கிணற்றுக்கு வட்டாரசபை இருந்தது. உடைந்துபோன சிலமுழ நீளமான கானோ, ஒருவரும் எட்டிப்பாராத இடத்தில் மண்ணின் கீழே கிடந்தது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடே நீர் வெகு எளிதில் ஊறிச் செல்லும் யாழ்ப்பாணக் குடாநாட்டில், கிணறும் மலக்குழியும் ஒரே வளவுக்குள் வைத்துக்கொண்டு வாழும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1855ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை மூன்றாகப் பகுத்தது. பெருங்கால்வாய்கள் புதிதாக அமைந்த மாநகர வேலைச்சபையைச் சார்ந்தன. வீதிக் கால்வாய்கள் வட்டாரசபைகளைச் சார்ந்தன. வீட்டுக்கான் வீட்டுடையவனைச் சார்ந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸின் நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தபின், பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற் 82 மைல் நீளமான பெருங்கால்வாய்களை அமைத்தார். மைலுக்கு இரண்டடிச் சரிவேனும் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு; சரிவு குறைந்தால் அழுக்கு படியும். வீதிக் கால்வாய்கள் பல முட்டை வடிவினவாய்க் கட்டப்பட்டன. அடி ஒடுங்கியிருப்பதால் நீர் குறைந்த வேளையிலும் ஓட்டம் விரைவாயிருக்கும். 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, இவ்வேலை முற்றுப்பெறாத கிழக்கு இலண்டனையே அது பெரிதும் தாக்கியது.

பெருங்கால்வாய்கள் சீராயின, வீட்டுக்கான் சீராகவில்லை. 1871ஆம் ஆண்டு இறுதியில், ஸ்காபறோவில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்துண்டு திரும்பிய வேல்ஸ் இளவரசர் நெருப்புக்காய்ச்சலில் வீழ்ந்தார். அவர் பிழைத்தார், உடன் விருந்தினரான செஸ்ரபீல்ட் பிரபுவும், இளவரசரின் குதிரைப் பணியாளும் இறந்தனர். மாளிகையின் கான்களே குற்றம் சாட்டப்பட்டன. அதன்பின் பிரித்தானியச் செல்வர் வீடுகளிற் கான் சோதனை ஒரு வழக்கமாயிற்று. மேல்மாடிக் குழாயிற் கொதிநீரோடு மிளகுக்கீரைத் தைலம் ஊற்றுவர். கீழே ஒருவர் அறை அறையாக மோந்து பார்ப்பார். வாசனை வீசுமிடத்தில் வெடிப்புண்டு. தைலம் ஊற்றியவர் சோதனை முடியும்வரை கீழே வரலாகாது. வந்தால் வீடெல்லாம் வெடிப்பென்றே தோன்றும்! லீட்ஸ் நகரத்து அறுவை வைத்தியர் பிறிட்ஜின் ரீல் 1878இல் இக்குற்றங்களைப் படங்களாகவே வரைந்து ஒரு நூல் வெளியிட்டார்.

இனிச் சட்டத்தின் விந்தைக்கு வருவோம். இலண்டன் நீங்கலான இங்கிலாந்துக்கு 1875இல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம், ஒரு கட்டடத்துக்குரியது கான், அதற்கு மேற்பட்டவற்றுக்குரியது கால்வாய் என்றது. கால்வாய்களைப் பேணுவது ஊர்ச்சபையின் கடமை என்றும் விதித்தது. விளைவு யாது? இரண்டு அயலவர் தம் கான்களை ஒன்றாக இணைத்தமாத்திரத்தில், அது ஒருவரின் தோட்டத்துக்குள்ளே கிடந்தபோதிலும் கால்வாயாகிப் பொதுச்செலவுக்கு வந்துவிட்டது! நீதிமன்றங்களும் இதனை ஏற்றன. சபைகள் முறையிட, 1890இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்மேலும் வழக்குகள் பெருகின. 1936ஆம் ஆண்டுச் சட்டம் மறுபக்கம் திரும்பியது. 1937 ஒக்டோபர் 1ஆம் நாளுக்குப் பின் கட்டப்படும் பொதுக்குழாய், சபை ஏற்றாலன்றி, வீட்டுக்காரர்களுக்கே சொந்தம். ஆகவே ஒரே வீதியில், பழைய வீட்டார் கவலையற்றிருக்க, புதிய வீட்டார் தம் வேலிக்கு அப்பால் வீதியின் கீழுள்ள குழாய்க்கும் பொறுப்பாளிகள் ஆயினர். குழாய் அடைக்கும்வரை பெரும்பாலோர் அதனை அறியார். அடைத்தபின்னரோ, நால்வருக்குச் சொந்தமான குழாயைத் திருத்த நால்வரையும் ஒன்றுசேர்க்க வேண்டும். இது கூடிய காரியமா என்பதை, அயலவனோடு எல்லைவேலி அடைத்தவர்களே சொல்லட்டும்.

இந்நிலை முக்கால் நூற்றாண்டு நீடித்தது. 2011 ஒக்டோபர் 1ஆம் நாள், இங்கிலாந்திலும் வேல்சிலும், பொதுக் கால்வாயோடு இணைந்திருந்த அத்தகைய குழாய்கள் நீர்க் கம்பனிகளின் பொறுப்பாயின. தன் எல்லைக்குள் தன் வீட்டுக்கு மாத்திரம் பயன்படும் கான் வீட்டுடையவனுடையது. எல்லைக்கு அப்பாற்பட்டதும், எல்லைக்குள்ளேயாயினும் அயலவரோடு பகிர்வதும் கம்பனியினது.

கோடு தெளிவாயிற்று. எனினும் நீர் கோட்டை அறியாது. 2017ஆம் ஆண்டில், கிழக்கு இலண்டன் வைற்சப்பல் வீதியின் கீழ், விக்ரோறியா காலத்துக் கால்வாயொன்றில் 250 மீற்றர் நீளத்துக்குக் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் இறுகிக் கல்லாய்க் கிடப்பதைக் கண்டனர். நிறை ஏறத்தாழ 130 தொன். வீடுகளிலும் உணவுச்சாலைகளிலும் கழுவித் தொட்டியில் ஊற்றிய எண்ணெயே அதன் முதல். பணியாளர் முகமூடி அணிந்து இறங்கி, மண்வெட்டியாலும் நீர்த்தாரையாலும் வாரக்கணக்கில் அதனை உடைத்தெடுத்தனர். அதில் ஒரு துண்டு 2018இல் இலண்டன் நூதனசாலையிற் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது.