லயன் வீட்டுக்கு இணையம், கைவிட்டுப் போகாத ஒரு மின்னஞ்சல்: மலையகக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

மலையகத்தில் இணையம் ஆடம்பரம் என்று சொல்லும் காலம் 2020 மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயின. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறியதை 2021 இல் உலகமே செய்தியாகப் பார்த்தது. தோட்டப் பிள்ளைகளுக்கு அது புதுக் கதையல்ல.

இன்று நிலை இன்னும் இறுகியிருக்கிறது. உயர்தரப் பெறுபேறு இணையத்தில் வருகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பம் இணையவழியில் போகிறது, அதற்கு மின்னஞ்சல் முகவரி கட்டாயம். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவின் பெயர்ப்பட்டியலும் இணையத்தில்தான் வெளியானது. கடவுச்சீட்டுக்கும் இணையவழியில் விண்ணப்பிக்கலாம்.

கொட்டகலையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பேசியபோது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள். எந்த இணைப்பை எடுப்பது? மின்னஞ்சலை யாரிடம் கொடுத்துத் திறப்பது? இரண்டாவதற்குப் பதில் ஒரு வரிதான்: யாரிடமும் கொடுக்காதீர்கள், நீங்களே திறவுங்கள். மற்றவை கீழே.

எந்த இணைப்பு?

வீட்டுக்கு இணையம் எடுக்க இங்கே நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு. வேகம் அதிகம், மழையும் மூடுபனியும் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் கேபிள் உங்கள் பாதைக்கு வந்திருக்க வேண்டும். வீதியோரக் கடைகளுக்குக் கிடைப்பது அதே தோட்டத்தின் மேல் பிரிவுக்குக் கிடைக்காமல் போகலாம். 1212 இலக்கத்துக்கு அழைத்து, பக்கத்தில் இணைப்புள்ள வீட்டின் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் ஓரளவு தெளிவான பதில் கிடைக்கும்.

இரண்டாவது, பழைய செப்புக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் விழும். நான்கைந்து கிலோமீற்றருக்கு அப்பால் பெரும்பாலும் பயன் இல்லை. ஃபைபர் கிடைக்கும் இடத்தில் இதை எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, சிம் அட்டை போடும் 4ஜி ரவுட்டர். கம்பி வராத லயன்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. மொபிடெல், டயலொக், ஹட்ச் என்று எதை எடுப்பது என்பதை விளம்பரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எயார்டெல் 2024 இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது.

நான்காவது, செய்மதி வழியான ஸ்டார்லிங்க். 2025 ஜூலை முதல் இலங்கையில் கிடைக்கிறது. மலை மறைத்த இடத்திலும் வானம் திறந்திருந்தால் வேலை செய்யும். ஆனால் 2024 செப்டெம்பரில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளமாக 1350 ரூபாவே நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளிக்கு அதன் கருவி விலையும் மாதக் கட்டணமும் தனியாகத் தாங்கக்கூடியவை அல்ல. வாசிகசாலை, கோயில் மண்டபம், பாடசாலை போன்ற பொது இடத்துக்கு யோசிக்கலாம்.

ரவுட்டர் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மும் உள்ள கைத்தொலைபேசியை உறவினர், அயலவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் மாலை ஏழு முதல் ஒன்பது மணிவரை பாருங்கள். எல்லோரும் பாவிக்கும் அந்த நேரத்தில் ஓடும் இணைப்புத்தான் உண்மையான இணைப்பு. பகல் பதினொரு மணிக்கு வரும் வேகம் ஏமாற்றும்.

அண்ட்ரொய்ட் தொலைபேசியில் ‘செட்டிங்ஸ்’, ‘எபவுட் போன்’, ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்று போனால் சிக்னல் அளவு கழித்தல் எண்ணில் தெரியும். மைனஸ் 90 நல்லது, மைனஸ் 110 பலவீனம். பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது.

தகரக் கூரை வானொலி அலையைத் தடுக்கும். ஆகவே ரவுட்டரை அலுமாரிக்கு மேல் கூரைக்குக் கிட்ட வைப்பதைவிட, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னல் ஓரம் வைப்பது நல்லது. இரண்டு அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். வெளியே அன்டெனா பொருத்தத் துளையுள்ள ரவுட்டரும் உண்டு. அப்படிப் பொருத்தினால் கேபிளைக் குறுகியதாக வையுங்கள், நீளம் கூடினால் சிக்னல் வழியிலேயே தேய்ந்துவிடும்.

வைபை பெயர் இரண்டு தெரிந்தால், பெரும்பாலும் ஒன்று 2.4, மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். லயனின் தடித்த சுவரைத் தாண்ட 2.4 உதவும். அதே அறைக்குள் வேகம் வேண்டுமென்றால் 5.

இடி மின்னல் காலத்தில், முக்கியமாக ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வையுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில், 12 வோல்ட் ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய மின்கலப் பெட்டி சில மணித்தியாலம் தாங்கும்.

முகவரி என்ற முட்டுக்கட்டை

கம்பி இணைப்புக்குத் தேசிய அடையாள அட்டையும் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணமும் கேட்பார்கள். நகரத்தில் மின்சாரப் பட்டியலைக் காட்டினால் போதும். லயனில் அந்தப் பட்டியல் உங்கள் பெயரில் இல்லாமல் இருக்கலாம். அப்போது கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் எடுங்கள். கேபிள் தோட்டக் காணி வழியாக வர வேண்டியிருந்தால் நிர்வாகத்தின் கடிதத்தையும் கேட்கக்கூடும். விண்ணப்பிக்கும் முன்னரே கேட்டுவிட்டால் இரண்டாம் முறை பஸ் ஏற வேண்டியதில்லை.

முகவரியை ஒரே மாதிரி எழுதுங்கள்: வீட்டு இலக்கம், லயன் இலக்கம், பிரிவு, தோட்டம், கொட்டகலை. பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அட்டையில் இன்னொரு எழுத்து என்பது நமக்குப் பழகிய தொல்லை. அதில் மூன்றாவதைச் சேர்க்க வேண்டாம்.

சேவையில் குறை இருந்தால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்குப் போகலாம்.

பொதியும் செலவும்

விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் வரி நீங்கலானது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி மட்டும் 18 வீதம். ‘எல்லா வரியும் சேர்த்து மாதம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். பொதியில் ‘இரவு டேட்டா’ எவ்வளவு என்றும் கேளுங்கள். 100 ஜிபி என்று சொல்லி, அதில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின் மட்டும் பாவிக்கக்கூடியதாக இருக்கலாம்.

வேகத்தைச் சொல்லும் ‘எம்பிபிஎஸ்’ வேறு, அளவைச் சொல்லும் ‘எம்பி’ வேறு. 8 எம்பிபிஎஸ் வேகத்தில் விநாடிக்கு 1 எம்பிதான் இறங்கும். சூம் வகுப்பைப் படத்துடன் ஒரு மணித்தியாலம் பார்த்தால் அரை ஜிபி அல்லது அதற்கும் மேல் போகும். குரல் மட்டும் என்றால் 50 எம்பிக்குள் முடியும். கெமராவை மூடிவைப்பதும், யூடியூபை 360 இல் பார்ப்பதும் மாதக் கடைசியில் தெரியும்.

மின்னஞ்சல்: அசையாத முகவரி

மலையகக் குடும்பம் எதுவும் ஒரே இடத்தில் இல்லை. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு கிளையைக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் அனுப்பியது. 1977, 1983 வன்செயல்கள் இன்னொரு கிளையை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டின. போன இடத்தில் போரும் வந்தது. 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடிதம் வர முகவரியே இல்லாமல் போனவர்கள் பலர். உறவுகள் அறுந்ததில் துப்பாக்கிக்கு எவ்வளவு பங்கோ, தொலைந்த முகவரிகளுக்கும் பங்கு உண்டு.

சிம் அட்டை மாறும். லயன் மாறும். நாடும் மாறும். ஒழுங்காக வைத்திருக்கும் மின்னஞ்சல் மாறாது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய மாதங்களில் அரசு முடக்கியது சமூக ஊடகங்களையும் வட்ஸ்அப் போன்ற செயலிகளையும்தான். மின்னஞ்சல் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

கொம்யூனிகேஷன் கடையில் அவசரத்துக்குத் திறந்த கணக்குகள்தான் இங்கே பெரிய சிக்கல். கடைக்காரர் தன் தொலைபேசி இலக்கத்தையே கொடுத்து, தான் நினைத்த கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்து தருவார். விண்ணப்பம் போய்விடும். மூன்று மாதம் கழித்துப் பதில் அந்தப் பெட்டிக்கு வரும்போது திறக்க ஆளிருக்காது. தோட்டமொன்றில் நான் சந்தித்த மாணவி ஒருவர் பல்கலைக்கழகப் பதிவுக்கான கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்னர்தான், மூடிப்போன கடையின் உரிமையாளரைத் தேடிப் பிடித்திருந்தார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் சாவி அடுத்தவர் கையில் இருந்தது.

ஜிமெயில் இலவசம், 15 ஜிபி இடம் தரும். 13 வயது முடிந்த பிள்ளை தானே திறக்கலாம். செய்ய வேண்டியவை:

1. முகவரியில் உங்கள் பெயரை எளிய ஆங்கில எழுத்தில் வையுங்கள். பட்டப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம்.

2. கடவுச்சொல்லுக்குத் தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேருங்கள். ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

3. மீட்பு இலக்கமாக உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுங்கள். ரீலோட் போடாமல் விட்ட சிம் இலக்கம் பிறகு வேறொருவருக்குப் போகலாம். இலக்கம் மாறிய அன்றே கணக்கிலும் மாற்றுங்கள்.

4. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டதும் கூகுள் பத்துக் காப்புக் குறியீடுகள் தரும். அவற்றையும் அதே கொப்பியில் எழுதுங்கள். தொலைபேசி தொலைந்தாலும் உள்ளே போகலாம்.

5. இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் அழிக்கலாம். மாதம் ஒருமுறையாவது திறவுங்கள்.

6. கடைக் கணினியில் திறந்தால் வெளியேறும்போது ‘சைன் அவுட்’ கொடுங்கள். ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி இலக்கத்தை வங்கி என்று சொன்னாலும், பொலிஸ் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலை என்று மின்னஞ்சல் வந்தால், பணம் கட்டும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரியுங்கள்.

இணைப்பு வந்த முதல் வாரத்தில்

பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தொலைபேசியில் தெளிவாகப் படமெடுத்து உங்கள் முகவரிக்கே அனுப்பி வையுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்கள் முறைப்பாட்டுப் பிரதி, பற்றுச்சீட்டு, புகைப்படம் எல்லாவற்றையும் சேருங்கள். இடப்பெயர்வில் தாள்களை இழந்தவர்களுக்கு இதன் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு, கிளிநொச்சியில் உள்ள சித்தப்பாவுக்கும் கூடலூரில் உள்ள மாமிக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவர்களிடம் மின்னஞ்சல் இல்லையென்றால், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள்.