பதினஞ்சு செகண்டும் பள்ளிக்கூட புரோகிராமரும்

பொட்டி தட்டுறவனுக்கு எப்ப மரியாதை வந்துச்சு? அமெரிக்கப் பள்ளிக்கூட ரோபோ போட்டியைப் பொறுத்தவரைக்கும் வருஷத்தோட சொல்லலாம்: 2003.

ஃபர்ஸ்ட் (முதல் பரிசு இல்லீங்க, அமைப்போட பேரே அதான்) அமைப்பை டீன் கேமன் 1989-ல் ஆரம்பிச்சார். முதல் போட்டி 1992-ல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல ஒரு பள்ளிக்கூட ஜிம்முல, 28 அணிகளோட நடந்தது. அப்போ ரோபோவை பசங்களே ரிமோட்டுல ஓட்டினாங்க. அதனால ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் கிராக்கி. புரோகிராம் எழுதுறவன் ஓரமா உக்காந்திருந்தான்.

2003-ல் 'ஸ்டாக் அட்டாக்'னு ஒரு ஆட்டம். முதல் 15 செகண்டு யாரும் ஜாய்ஸ்டிக்கைத் தொடக்கூடாதுன்னு புது விதி. ரோபோ தானா ஓடி, மேட்டு மேல அடுக்கியிருக்கிற பெட்டிகள்கிட்ட எதிரணியை முந்திப் போய்ச் சேரணும். எழுத வேண்டிய மொழி பிபேசிக். பேசிக் ஸ்டாம்ப் சிப்புல வேரியபிளுக்கு இருந்த இடம் 26 பைட். கிலோபைட் இல்ல சாமி, பைட்! தசம எண்ணும் கிடையாது. 2004-ல் சி மொழி வந்துச்சு, 2009-ல் லேப்வியூவும் சி++-ம், 2010-ல் ஜாவா. ஓரமா இருந்தவனைத் தேடிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு.

எப்படிப் பிடிக்கிறது? சி தெரியுமான்னு கேக்குறது வீண். பழைய ரோபோவைக் கொடுத்து, 'மூணு மீட்டர் நேரா போய் நில்லு'ன்னு எழுதச் சொன்னாப் போதும். ரெண்டு செகண்டு மோட்டாரை ஓட்டுன்னு எழுதுவாங்க. காலையில சரியா நிக்கும். பேட்டரி இறங்கினதும் முன்னாடியே நின்னுடும். அப்ப செகண்டை மாத்தி மாத்திப் போடுறவன் ஒரு ரகம். தரையில உக்காந்து டேப் வச்சு அளந்து, சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணணும்னு கண்டுபிடிக்கிறவ இன்னொரு ரகம். நான்னா ரெண்டாவது ஆளைத்தான் எடுப்பேன்.

இந்தப் பயிற்சியெல்லாம் சீசனுக்கு முன்னாடியே முடியணும். ஜனவரியில விதி அறிவிச்சா, ஆறு வாரத்துல ரோபோவைக் கட்டி மூட்டை கட்டிடணும் (மூட்டை கட்டுற விதியை 2020 சீசன்லேர்ந்து எடுத்துட்டாங்க). அதுல அஞ்சே முக்கால் வாரத்தை மெக்கானிக்கல் பசங்க முழுங்கிடுவாங்க. மிச்சம் ஒரு ராத்திரி நம்மாளுக்கு. எங்க ஆபீஸ்ல டெஸ்டிங்குக்கு விடுற டைம் மாதிரியேதான்.

அங்க உயர்நிலைப் பள்ளி நாலே வருஷம். நல்லா எழுதினவன் ஜூன்ல காலேஜுக்குக் கிளம்பிடுவான். அதனால ஒம்பதாவது படிக்கிற ஒருத்தரை அவன் பக்கத்துலயே உக்கார வைக்கணும். மறந்துட்டா, செப்டம்பர்ல அந்த ஃபைலைத் திறக்கிற புதுப் பொண்ணுக்கு மிஞ்சுறது எக்ஸ், எக்ஸ்1, எக்ஸ்2ன்னு வேரியபிள்கள், கூடவே ஒரே ஒரு கமென்ட்: 'இதைத் தொடாதே'.