'டேன்' என்னும் சொல்லும் பதனிடுதலும்

'டேன்' என்னும் ஆங்கிலச் சொல், ஓக்கு மரப் பட்டைத்தூளைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லோடு உறவுடையது. தோலைப் பட்டைநீரில் ஊறவைத்தலையும், அதனாலாகும் பழுப்பு நிறத்தையும், வெயிலிற் கறுத்த மேனியையும், பேச்சு வழக்கில் அடித்துப் புடைத்தலையும் அஃது உணர்த்தக் காண்கிறோம்.

வாணியம்பாடியில் இத்தொழிலுக்கு ஆவாரம்பட்டை பயன்பட்டது. தொழிலின் பெயரோ 'பதனிடுதல்' என்பது. ஆங்கிலம் இடுபொருளால் பெயரிட, தமிழ் எய்தும் பக்குவத்தால் பெயரிட்டது. ஆதலின், பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பெரிதும் கைக்கொண்ட பின்னரும் தமிழ்ச்சொல் பொருள் குன்றாது நிற்கிறது.

எனினும், பதம் என்பது மிகாமலும் குறையாமலும் அமையும் நிலை. தோற்கழிவால் பாலாற்று நீரும் நிலமும் கெட்டமையை 1996-இல் உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் எடுத்துரைத்து, மாசுபடுத்தியோரே ஈடுசெய்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தோலின் பதத்தைப் பேணிய தொழில் ஆற்றின் பதத்தைப் பேணாது விட்டமையையும் இச்சொல்லின் வரலாற்றில் சேர்த்தே எழுதுதல் வேண்டும் எனக் கருதுகிறோம்.